அறளை பெயரும் வயதும் பரம்பரையும்

(எமது சங்கக் கூட்டத்திலே நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



வயது முதிர்ந்த ஒருவர் காலையிற் சாப்பிட்டதை மறந்து மீண்டும் சாப்பாடு கேட்டால், "அவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது" என்று நாம் சொல்லுகிறோம். அப்படிச் சொல்லும்போது சிறிது இரக்கமும் சிறிது சிரிப்பும் கலந்திருக்கும். எண்பது வயதிலே இது நேர்ந்தால் வீட்டார் ஒருவாறு மனத்தைத் தேற்றிக்கொள்வர். ஐம்பது வயதிலே, பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் காலத்திலே நேர்ந்தால் அந்த வீட்டின் நிலை வேறு. அப்போது இரண்டு வினாக்கள் எழுகின்றன. இது எங்கள் குடும்பத்தில் ஓடுகிற நோயா என்பது ஒன்று. ஓடுவதாயின் எனக்கு எந்த வயதில் வரும் என்பது மற்றொன்று. முதலாவதை வைத்தியரிடம் வாய்விட்டுக் கேட்பார்கள். இரண்டாவதைப் பிள்ளைகள் இரவிலே தமக்குள்ளே கேட்டுக்கொள்வார்கள். மூன்றாவதும் ஒன்றுண்டு. அதைச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் எம்மிடம் கேளாமல் அயலாரிடம் கேட்பார்கள்.

இவற்றுள் இரண்டாவது வினாவையே இன்று எமது பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டோம். விஞ்ஞானிகள் இதற்குக் கண்டிருக்கும் விடை, குடும்பத்தில் நோயுண்டு என்று கேட்டதும் நாம் அடைகிற கிலியைக் காட்டிலும் நுட்பமானது.

முதலிலே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மறதியெல்லாம் அறளையன்று. மனச்சோர்வினாலும், தைரோயிட் சுரப்பியின் குறையினாலும், பி12 என்னும் உயிர்ச்சத்தின் குறைவினாலும் மறதி உண்டாகலாம். இவை வைத்தியத்தால் மாறக்கூடியவை. ஆதலின் "இது வயதுக் கோளாறு" என்று நாமே தீர்ப்புக் கூறிவிடாமல் வைத்தியரிடம் காட்டுவதே முறை. அறளையிலும் பலவகையுண்டு. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். 1901ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் பிராங்க்பேர்ட் நகரத்து மனநோய் வைத்தியசாலைக்கு 51 வயதான ஒரு பெண்மணி கொண்டுவரப்பட்டார். அவரைக் கவனித்தவர் அலோயிஸ் அல்சைமர் என்னும் வைத்தியர். 1906இல் அப்பெண்மணி இறந்தபின் மூளையைச் சோதித்து, நரம்புக் கலங்களுக்கு வெளியே படிந்த ஒருவகைப் படிவுகளையும், கலங்களுக்கு உள்ளே முறுகிக் கிடந்த நார்ச்சிக்கல்களையும் அவர் கண்டார். அந்தப் படிவு அமிலோயிட் என்னும் புரதத்தால் ஆனது என்றும், சிக்கல் டௌ என்னும் புரதத்தால் ஆனது என்றும் பின்வந்தோர் அறிந்தனர். இவ்விரு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மற்றைப் பெயர்கள் மறந்தாலும் குற்றமில்லை.

கவனிக்கற்பாலது யாதெனில், அந்தப் பெண்மணி கிழவி அல்லர் என்பதே. எண்பதிலே வருவதும் ஐம்பதிலே வருவதும் மூளையில் ஒரே அடையாளங்களை விட்டுச்செல்லுமாயின், வயதை நிச்சயிப்பது எது? அதற்கு விடை தேடுவாரை இக்காலத்தில் எவ்விடத்துக்கு அனுப்புவது என்று எம்மைக் கேட்டால், தென் அமெரிக்காவுக்கு என்போம்.

கொலம்பியா தேசத்திலே அந்தியோக்கியா என்றொரு மாகாணம் உண்டு. அந்தீஸ் மலைத்தொடரின் மடிப்புகளிலே கிடக்கும் நாடு. பழங்காலத்திற் பாதைகள் அரிது. ஆதலால் கிராமத்தவர் தமக்குள்ளேயே மணவினை செய்து, பத்தும் பன்னிரண்டும் பிள்ளைகளைப் பெற்று வாழ்ந்தனர். அக்கிராமங்கள் சிலவற்றிலே, நாற்பது வயதைக் கடந்ததும் மறதி வந்து, ஐம்பதிலே பிள்ளைகளின் முகம் தெரியாமற்போய், அறுபதை அண்டி இறந்துபோகும் குடும்பங்கள் இருந்தன. ஊரார் அதைப் பேதைமை என்று பொருள்படும் "லா பொபெரா" என்ற சொல்லால் அழைத்தனர். ஒரு பாதிரியாரின் சாபம் என்றனர் சிலர். ஏதோ ஒரு மரத்தைத் தொட்டதால் வந்தது என்றனர் வேறு சிலர். சூனியம் என்றாரும் உளர். நம் ஊர்களிலும் இத்தகைய கதைகளுக்குப் பஞ்சமில்லை; ஆதலால் அவர்களைப் பார்த்துச் சிரிக்க எமக்கு உரிமையில்லை.

1980களின் தொடக்கத்திலே பிரான்சிஸ்கோ லொப்பேரா என்னும் இளம் வைத்தியர், மாகாணத்தின் தலைநகரான மெடெயினில் நரம்பியல் பயின்றுகொண்டிருந்தார். அவரும் அம்மலைநாட்டிலே, யாருமால் என்னும் ஊரில் வளர்ந்தவரே. நாற்பத்தேழு வயதான ஒருவரை அவரிடம் கொண்டுவந்தார்கள். நோயாளி முற்றாக நினைவிழந்திருந்தார். விசாரித்தபோது, தகப்பனுக்கும் பாட்டனுக்கும் சகோதரருக்கும் இதே நோய் என்று தெரிந்தது. வைத்தியர் மருந்தெழுதிக் கொடுத்து அனுப்பிவிடவில்லை. கிராமங்களுக்குப் போனார். வீடுவீடாக இருந்து குடும்ப மரம் வரைந்தார். தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டிப் புரட்டிப் பதினெட்டாம் நூற்றாண்டு வரையும் அவரும் துணைவரும் பின்னோக்கிச் சென்றனர். அக்காலத்தில் அந்நாட்டிலே கெரில்லாப் படைகளும் கஞ்சாக் கொக்கேயின் கும்பல்களும் மலைப்பாதைகளைப் பிடித்து வைத்திருந்தன; இரத்தம் சேகரிக்கச் சென்ற தாதி ஒருவர் கெரில்லாக்களால் பிடித்துவைக்கப்பட்டதும் உண்டு. அப்படியிருந்தும் அவர்கள் ஏறக்குறைய 6,000 பேர் அடங்கிய ஒரு பெருங்குடும்பத்தைத் தொகுத்துவிட்டனர். அவர்களுள் ஏறக்குறைய 1,200 பேர் நோய்க்குரிய பரம்பரை அலகைத் தாங்கியவர்கள் என்று கணக்கிட்டனர்.

பரம்பரை அலகு என்றோம். தந்தையிடமிருந்து ஒரு பிரதியும் தாயிடமிருந்து ஒரு பிரதியுமாக, ஒவ்வொரு அலகும் எம்மிடம் இரட்டையாக இருக்கின்றது என்பது பாடசாலையிற் படித்த விஷயம். 1995ஆம் ஆண்டிலே பிரெசெனிலின்-1 என்னும் அலகு கண்டுபிடிக்கப்பட்டது. அந்தியோக்கியாக் குடும்பங்களின் குற்றமும் அதிலேயே இருந்தது. அந்த அலகு விதிக்கும் புரதத்திலே 280ஆம் இடத்தில் இருக்கவேண்டிய ஓர் அமினோவமிலத்துக்குப் பதிலாக மற்றொன்று நிற்கிறது. அவ்வளவுதான் பிழை. இந்தப் புரதத்தின் வேலை, வேறு புரதங்களை நறுக்குவது. பிழையுள்ளது நறுக்கும்போது, எளிதில் ஒட்டிப் படியும் அமிலோயிட் மிகுதியாக உண்டாகிறது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒரு பிரதி வந்தாலே போதும்; நோய் உண்டு. பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நாலு பிள்ளைகளில் இருவருக்கு வந்துவிட்டது, ஆகவே மற்ற இருவரும் தப்பினர் என்று கணக்குப் போடலாகாது. ஒவ்வொரு பிறப்பிலும் நாணயம் புதிதாகவே சுண்டப்படுகின்றது.

இனி வயதுக்கு வருவோம். இக்குடும்பத்திலே பிழையைத் தாங்கியவர்களுக்கு மறதியின் ஆரம்பம் சராசரியாக 44 வயதில். அறளை என்று சொல்லத்தக்க நிலை 49 வயதில். ஆனால் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தபோது, அமிலோயிட் படியத் தொடங்குவது ஏறக்குறைய 28 வயதில் என்று தெரிந்தது. அன்பர்களே, இதைச் சற்றே நின்று யோசிக்கவேண்டும். 28 வயதில் ஒருவன் தோட்டத்திலே வேலை செய்கிறான், கலியாணம் முடிக்கிறான், கணக்கு வழக்கெல்லாம் பிழையின்றிச் செய்கிறான். நோய் தொடங்கிவிட்டது, அறிகுறி தொடங்கவில்லை. இரண்டுக்கும் இடையே பதினாறு ஆண்டு. நோய் எப்போது வரும் என்று நாம் கேட்பதெல்லாம் உண்மையில் இந்த இடைவெளி எவ்வளவு நீளும் என்பதைப் பற்றிய கேள்வியே.

அந்த இடைவெளி எல்லாருக்கும் ஒரேயளவாக இல்லை என்பதுதான் மெடெயின் ஆராய்ச்சியின் சாரம். ஒரே மூதாதையரிடமிருந்து வந்த ஒரே பிழை. அதே மலை, அதே உணவு, அதே தேவாலயம். இருந்தும் ஒருவருக்கு முப்பதுகளின் பிற்பகுதியிலே தொடங்குகின்றது. இன்னொருவருக்கு அறுபதை அண்டும்வரை தொடங்குவதில்லை. இந்த வேற்றுமைக்குக் காரணம் என்ன?

விடையின் ஒரு பகுதி ஒரு பெண்மணியிடமிருந்து கிடைத்தது. அவர் பிழையைத் தாங்கியவர். நாற்பத்து நாலும் போயிற்று, நாற்பத்தொன்பதும் போயிற்று. எழுபது வயதைத் தாண்டிய பின்னரே அவருக்குச் சிறிய மறதி தலைகாட்டியது. அஃதாவது, எதிர்பார்த்ததிலும் ஏறக்குறைய முப்பது ஆண்டு பிந்தி. அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்கு அவரை அழைத்துச்சென்று மூளையைப் படம்பிடித்தார்கள். அமிலோயிட் குவிந்து கிடந்தது. அக்குடும்பத்தில் எவருக்கும் குறையாத அளவு. ஆனால் டௌ சிக்கல்களோ மிகக் குறைவு. அவருடைய பரம்பரை அலகுகளை ஆராய்ந்தபோது, அபோ-ஈ என்னும் வேறோர் அலகிலே அரியதொரு மாற்றம் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்துமாக இரட்டையாக வந்திருந்தது. அந்த மாற்றத்துக்குக் கிறைஸ்ட்சேர்ச் என்று பெயர். முதன்முதல் அது நியூசிலாந்தின் அப்பெயருள்ள நகரிலே காணப்பட்டமையால் வந்த பெயர். இந்தச் செய்தி 2019இல் வெளியாகி உலகெங்கும் பேசப்பட்டது.

ஒருவரை வைத்துக்கொண்டு விதி சொல்லிவிட முடியுமா என்று கேட்டாரும் உளர். நியாயமான கேள்விதான். ஆகவே அக்குடும்பத்தை மீண்டும் சலித்து, அம்மாற்றத்தின் ஒரேயொரு பிரதியைத் தாங்கிய 27 பேரைக் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்கு மறதி தொடங்கியது நடுக்கணக்காக 52 வயதில். அம்மாற்றம் இல்லாத உறவினருக்கு 47 வயதில். இது 2024இல் வெளியான முடிபு. ஐந்து ஆண்டுதானா என்று இளைஞர் நினைக்கலாம். ஐம்பது வயதான தகப்பனுக்கு அந்த ஐந்து ஆண்டு என்பது, கடைசிப் பிள்ளை படிப்பு முடித்து உழைக்கத் தொடங்கும் காலம்.

ஆகவே கெட்டது ஒன்று பரம்பரையாய் வருகின்றது. அதை இழுத்துப் பிடிக்கும் நல்லது ஒன்றும் அதே பரம்பரையிலேயே வரலாம். நோயைப் பற்றிப் பேசும்போது "அந்த இரத்தம்" என்று பழிக்கிற நாம், காப்பதும் அந்த இரத்தத்தில்தான் இருக்கலாம் என்பதை எண்ணுவதில்லை.

இவ்வளவும் கேட்டபின், எங்களுக்கும் அந்தப் பிரெசெனிலின் பிழை இருக்குமோ என்று எவரும் கலங்கவேண்டாம். இவ்வாறு ஓர் அலகினாலேயே நிச்சயமாக வரும் அல்சைமர் நோய், மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றுதானும் இருக்குமோ என்னும் அளவுக்கு அரிது. இளவயதிலே, தலைமுறைதோறும், பலருக்கு வந்த குடும்பங்களில் மட்டுமே அதைப்பற்றி வைத்தியர் யோசிப்பர். எண்பது வயதான பாட்டிக்கு வந்தது அந்தக் கணக்கிற் சேராது.

பாட்டிக்கு வந்ததிலே பரம்பரைக்குப் பங்கு இல்லையா என்றால், உண்டு. ஆனால் அது வேறுவகைப் பங்கு. சற்று முன் சொன்ன அபோ-ஈ அலகுதான் இங்கும் வருகின்றது. அது கொழுப்பை எடுத்துச்செல்லும் ஒரு புரதத்துக்கு உரியது. பொதுவாக மூன்று வகை: இரண்டு, மூன்று, நாலு என்று இலக்கமிட்டிருக்கிறார்கள். 1993இல் அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலையில் அலன் ரோசஸ் என்பாரும் அவர் குழுவினரும், முதுமையில் இந்நோய் வந்த குடும்பங்களை ஆராய்ந்து ஒரு முடிபை வெளியிட்டனர். நாலாம் வகை ஒன்றுமில்லாதவருக்கு நோய் தொடங்கிய வயது சராசரி 84. ஒரு பிரதி உடையவருக்கு 76 அளவில். இரண்டு பிரதி உடையவருக்கு 68. படிப்படியாக வயது இறங்குவதைப் பாருங்கள். இரண்டாம் வகையோ இதற்கு மாறாக நோயைப் பின்னுக்குத் தள்ளுவது. அந்தியோக்கியாவிலும் பிழையைத் தாங்கியவர்களில் இந்த இரண்டாம் வகை உடையோருக்கு நோய் பல ஆண்டு பிந்தியே வந்தது.

ஆனால் பிரெசெனிலின் பிழை தீர்ப்பு என்றால், நாலாம் வகை வெறும் சாய்வு. நாலாம் வகை உடைய பலர் தொண்ணூறிலும் தெளிவாயிருந்து மாண்டிருக்கிறார்கள். அது அறவே இல்லாத பலருக்கு நோய் வந்திருக்கின்றது. அன்றியும், இந்தச் சாய்வு எல்லா மக்களிடத்தும் ஒரே அளவினதன்று. நைஜீரியாவின் இபாடான் நகரத்து யொரூபா மக்களிடையே செய்த ஆராய்ச்சியில், நாலாம் வகையின் தாக்கம் அமெரிக்காவிற் கண்டதைக் காட்டிலும் குறைவாகவே காணப்பட்டது. மேனாட்டுக் கணக்கை எடுத்து எமது வீட்டுப் பாட்டியின் தலையில் அப்படியே வைத்து அளப்பது பொருந்தாது.

இனி எமது மனத்தை மிகவும் உறுத்தும் விஷயம். வயதையும் சொல்லக்கூடிய ஒரு பரிசோதனை இருக்குமானால் அதைச் செய்துகொள்வதா? சாதகம் பார்த்துப் பழகிய நமக்கு, இரத்தத்தைக் கொடுத்து எதிர்காலத்தைக் கேட்டுவிடலாம் என்ற ஆசை இயல்பாகவே எழும்.

ஹன்டிங்டன் நோய் என்றொன்று உண்டு. கைகால் தாமாக ஆடும். போகப்போக அறிவும் மங்கும். அதற்குரிய அலகிலே ஒரு சிறு எழுத்துத்தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. நாற்பது தடவைக்கு மேல் வந்தால் நோய் நிச்சயம். எண்ணிக்கை ஏற ஏற, பொதுவாக வயது இறங்கும். அறுபதைத் தாண்டினால் பிள்ளைப்பருவத்திலேயே வரக்கூடும். தாயை அந்நோய்க்குப் பறிகொடுத்த அமெரிக்கரான நான்சி வெக்ஸ்லர், வெனிசுவேலாவின் மரக்காய்போ வாவிக்கரைக் குடும்பங்களிடையே ஆண்டுக்கணக்காக உழைத்தார். அவர் போன்றோரின் உழைப்பால் 1983இல் அலகு இருக்குமிடம் தெரிந்தது. 1993இல் அலகே கைக்கு வந்தது. பரிசோதனையும் வந்தது. அந்தப் பரிசோதனையை அவர் தமக்குச் செய்துகொள்ளவில்லை! தமக்கும் அந்நோய் வந்துவிட்டதென்பதை 2020ஆம் ஆண்டிலே அவர் வெளிப்படையாகக் கூறினார். கோழைத்தனம் என்று இதைச் சொல்வார் சொல்லட்டும். மருந்தில்லாத நோயின் தேதியை முன்கூட்டி அறியாமலிருப்பதும் ஒரு மனிதருக்குள்ள உரிமை என்றே எமக்குத் தோன்றுகிறது. அறிந்து, அதற்கேற்பக் காணி பூமியையும் பிள்ளைகளின் காரியங்களையும் ஒழுங்குசெய்ய விரும்புவோரின் உரிமையும் அதற்குக் குறைந்ததன்று. ஆனால் ஒருவர் அறிவது அவரோடு நிற்பதில்லை. தம்பி பரிசோதித்தால் தமையனின் மனமும் கலங்கும். பேரன் பரிசோதித்துப் பிழை உண்டென்றால், நடுவிலே நிற்கிற தகப்பனுக்கும் அது உண்டென்பது அவர் கேளாமலே வெளியாகிவிடும். ஆகையினாலேதான் இத்தகைய பரிசோதனைக்கு முன்னர் ஆலோசனை கூறுவோரோடு பேசவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அபோ-ஈ பரிசோதனையையோ சுகதேகிகளுக்கு வைத்தியர் வழக்கமாகச் சொல்வதில்லை. அமிலோயிட்டை அகற்றும் புதிய மருந்துகளைக் கொடுக்குமுன் மட்டும் அதைப் பார்ப்பர். நாலாம் வகை இரட்டையாக உள்ளவருக்கு அம்மருந்தால் மூளை வீக்கமும் இரத்தக் கசிவும் நேரும் அபாயம் கூடுதல் என்பதே காரணம்.

மெடெயினிலே இந்தச் சிக்கலை அவிழ்த்த விதம் எம்மைப் பெரிதும் கவர்ந்தது. 2013இல் கிரெனெசுமாப் என்னும் மருந்தை, நோய்க்குறி இன்னும் தோன்றாதவர்களிடம் சோதிக்கத் தொடங்கினார்கள். பங்குபற்றியவர் 252 பேர். பிழையைத் தாங்கியவர்களை மட்டும் சேர்த்தால், சேர்ந்தவனுக்குத் தன் தலைவிதி தெரிந்துவிடும், ஊருக்கும் தெரிந்துவிடும். ஆதலால் பிழையில்லாதவர்களையும் சேர்த்து, அவர்களுக்கு மருந்தில்லாத வெறும் ஊசியையே போட்டார்கள். எவன் எந்தப் பக்கம் என்பது பங்குபற்றினோருக்குச் சொல்லப்படவில்லை. ஒன்றுமில்லாத தம்பி, தன் தமையனின் இரகசியத்தைக் காப்பதற்காகவும் ஆண்டுக்கணக்காக ஊசி ஏற்றுக்கொண்டான் என்றுதான் நாம் இதைப் பொருள்கொள்ளுகிறோம். 2022இல் முடிவு வந்தது. மருந்து திருப்தியான பலனைத் தரவில்லை.

பரம்பரையைப் பற்றிப் பேசுகிறவர்கள் மற்றதை மறந்துவிடுவதுண்டு. 2024இல் லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையின் குழு ஒன்று, மாற்றக்கூடிய 14 காரணிகளைக் கணக்கிட்டு, அவற்றை முற்றாக நீக்கமுடியுமானால் உலகில் அறளை நோயில் ஏறக்குறைய 45 வீதத்தைத் தடுக்கவோ பின்போடவோ இயலும் என்றது. கல்வியின்மை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல், செவிட்டுத்தன்மை, பார்வைக்குறைவு, தனிமை என்பன அதிற் சேர்ந்தவை. காது கேளாத பாட்டனார் திண்ணையிலே ஒதுங்கிவிட, நாம் அவருடன் பேசுவதையே விட்டுவிடுகிறோம். அவருடைய அபோ-ஈ என்ன வகை என்று ஆராய்வதிலும், காதுக்குக் கருவி வாங்கிக்கொடுப்பது சுலபம்.

சம்பந்தம் பேசுவோரின் மூன்றாம் வினாவையும் விடாமற் சொல்லிவிடுகிறோம். அந்த வினாவுக்கு அஞ்சியே பல வீடுகளில் நோயுற்ற முதியோரை உள்ளறையிலே வைத்திருக்கிறார்கள். வைத்தியரிடம் காட்டுவதும் தாமதமாகின்றது. முதுமையில் அறளை வந்த ஒருவர் இருக்கிறார் என்பதற்காக ஒரு குடும்பத்தை ஒதுக்குவதென்றால், நெடுநாள் வாழ்ந்தவர்கள் உள்ள வீடு எதையும் எடுக்க முடியாது.

லொப்பேரா 2024ஆம் ஆண்டு செப்டெம்பரிலே காலமானார். மெடெயினில் அவர் அமைத்த மூளைச் சேகரத்திலே, இக்குடும்பத்தார் தம் தாய் தந்தையர் இறந்த சோகத்தின் நடுவிலும் மனமுவந்து கொடுத்த மூளைகள் உள. முப்பது ஆண்டு தப்பிய அந்தப் பெண்மணி 2020இல் வேறு நோயால் இறந்தார். அவருடைய மூளையும் ஆராய்ச்சிக்குக் கொடுக்கப்பட்டது. அதன் பின்புறத்திலே டௌ சிக்கல்கள் மிகுந்திருக்க, முன்புறம் பெரிதும் தப்பியிருந்தது. அவருக்கு இயற்கை செய்ததைப் போலச் செய்யவல்ல ஓர் எதிர்ப்புரதத்தை ஆக்கி, எலிகளிடம் சோதித்திருக்கிறார்கள். எலிகளின் மூளையிலே டௌ குறைந்தது. மனிதருக்குரிய மருந்தாக அது இன்னும் வரவில்லை.